வெயில் அளவும் மழை அளவும்

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து விடாத தூறல். குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். இந்த மழைக்காலத்துக்கு இது இரண்டாவது குடை. ஆபீஸ் போய்ச் சேரும்போது புடவையில் முழங்கால் வரை சேறு.

செயல் அலுவலர் கூப்பிட்டார். (இனி இ.ஓ. என்றே எழுதுகிறேன். ஊரே அப்படித்தான் சொல்கிறது.) மேஜையில் ஒரு கோப்பு. அல்லிக்குளத்துத் தென்கரையில் நூர்ஜஹான் என்பவரின் வீடு. நீர்நிலையிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற விதியை மீறியதாக நோட்டீஸ். எனக்கு முன்னால் இருந்த ஓவர்சியர் அளந்து, எழுதி வைத்துவிட்டு, மாறுதலில் போய்விட்டார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் பாதி வீடு போகும்.

"ஒரு இனிஷியல் போட்டா போதும் மேடம். போயி பாக்கணும்னு இல்ல. மழையா வேற இருக்கு."

பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நல்ல மனிதர்தான். சண்டை வாசனை வந்தாலே பிரஷர் மாத்திரையைத் தேடுகிற ஆள். நான் இந்தப் பேரூராட்சிக்கு வந்ததே ஐப்பசிக் கடைசியில். அதற்குள் ‘வம்பு மேடம்’ என்று பெயர் வாங்கிவிடுவேன் போல. வாங்கினால் வாங்கட்டும்.

திரும்பும்போது வாங்க வேண்டியது: பால், கொசுவர்த்தி, குடை. முதல் இரண்டும் வாங்கியாயிற்று.

நவம்பர் 25, செவ்வாய்

மழை விட்டது. குளம் ததும்ப நிற்கிறது. கரையோரம் அல்லி இல்லை, ஆகாயத்தாமரைதான்.

நூர்ஜஹான் அம்மா வீடு. பச்சைப் பெயிண்ட், ஓட்டு முன்பக்கம், பின்னால் புதிதாக ஒட்டிக் கட்டிய சமையல்கட்டு. வெள்ளை டைல்ஸ். ஜன்னல் குளத்தைப் பார்த்து. கணவர் சார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில். "ரெண்டு பெருநாளைக்கு ஊருக்கு வராம இருந்து கட்டுனதுங்க இது" என்று அந்த அம்மா குழாயைத் திறந்து காட்டினார். அதுவரை வாசல் குழாயில் பாத்திரம் கழுவியவர். குழாயை மூட மனசே வரவில்லை அவருக்கு.

பிறகு குரல் மாறியது.

"தண்ணி கொல்லைப்படி வரைக்கும் வந்துருச்சுன்னு ஆபீஸ்ல மனு குடுத்தது நானுங்க. தண்ணி ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நீ ஏன் இங்க இருக்கேன்னு கேக்குறீங்க."

டீ கொடுத்தார். கோபத்தோடு கொடுத்த டீ, சர்க்கரை மட்டும் சரியாக இருந்தது.

எதிர்க்கரையைப் பார்த்தேன். வடகரையில் ‘நீரோடை அவென்யூ’. சிமெண்ட் வளைவு, கலர்க் கொடிகள், ஏசி போட்ட புக்கிங் ஆபீஸ். கரையை ஒட்டி லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக் குளத்தை மேடாக்கியிருக்கிறார்கள். அங்கே இடம் போனால் தண்ணீர் எங்கே போகும்? இங்கே வரும். வந்தது. வந்த தண்ணீரின் ஓரத்தில் டேப்பை வைத்து, இந்த அம்மாவின் வீட்டை அளந்திருக்கிறோம்.

 

நவம்பர் 27, வியாழன்

நீரோடை அவென்யூவின் கோப்பை எடுக்கச் சொன்னேன். பில் கலெக்டர் மாரியப்பன் தூசியோடு கொண்டுவந்தார்.

வரைபடத்தில் குளத்தின் ஓரம் என்று கோடு போட்டிருக்கும் இடம் குளத்தின் நடு. முதலில் நான் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. அளந்தது சித்திரையில். அப்போது குளம் காய்ந்து, நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடந்திருக்கும். அந்தக் குட்டையின் விளிம்பிலிருந்து பதினைந்து மீட்டர் விட்டிருக்கிறார்கள். தாராளமாக விட்டிருக்கிறார்கள்.

மாரியப்பன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது எருமை படுத்துக் கெடக்குற எடமுல்ல மேடம்."

முதலில் லஞ்சம் என்றுதான் நினைத்தேன். அதுவும் இருக்கலாம், யார் கண்டது. ஆனால் பழைய கோப்புகளையும் புரட்டப் புரட்ட வேறு ஒன்று தெரிந்தது. மனைப்பிரிவு எதுவாக இருந்தாலும் அளவு மாசியிலிருந்து வைகாசிக்குள். வீடுகளுக்கு எல்லாம் ஐப்பசி, கார்த்திகை.

காரணம் ரொம்பச் சாதாரணம். பயிர் நிற்கும்போது யாரும் வயலில் இறங்கி டேப் இழுக்க விடமாட்டார்கள். அறுப்பு முடிந்து, மேட்டூர் அணையை அடைத்து, தரை காய்ந்த பிறகுதான் சர்வேயர் வருவார். இந்தப் பக்கத்தில் நிலம் அளப்பது என்றாலே வெயில் கால வேலை. மனை போடுகிறவர்கள் அப்போதுதான் அழைத்து வருவார்கள். வீடுகளை நாங்கள் அளப்பது புகார் வந்தால். புகார் வருவது தண்ணீர் வந்தால். ஆகவே பணக்காரனுக்கு வெயில் அளவு, வீட்டுக்காரிக்கு மழை அளவு. ஒரே விதி, ஒரே பதினைந்து மீட்டர். இத்தனை வருடமாக யாரும் கெட்ட எண்ணமே இல்லாமல்கூட இப்படியே செய்துகொண்டிருந்திருக்கலாம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இ.ஓ.விடம் போனேன். நீரின் ஓரம் மாறும், கரைக்கல் மாறாது, குளத்தின் எல்லைக் கல்லிலிருந்து இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் ஒரே டேப்பால் அளக்கவேண்டும் என்றேன்.

"அது மேல அப்ரூவல் ஆன லேஅவுட்டு மேடம்."

"எருமை படுத்திருந்த எடத்த வச்சு அப்ரூவல் ஆயிருக்கு சார்."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா இப்ப எதுக்கு?"

இந்த ‘இப்ப எதுக்கு’தான் இந்த ஆபீஸின் நிஜமான சீல். கடைசியில் தாலுகா ஆபீஸுக்கு போன் போட்டார். மாத்திரையும் போட்டார்.

நவம்பர் 28, வெள்ளி

மேகமூட்டம். அளந்தோம்.

தாலுகா சர்வேயர் இளங்கோ வந்தார். சின்ன வயசு, புது ஷூ, அட்டைப் பூச்சி என்றால் உயிர் போகும் பயம். மதகுப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் எல்லைக் கல்லிலிருந்து ஆரம்பித்து, குளத்தின் எல்லையைச் சுற்றிலும் குச்சி நட்டுக் குறித்தார். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

தென்கரை முதலில். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன். கல்லிலிருந்து அளந்தால் நூர்ஜஹான் அம்மாவின் வீடு முழுசும் தப்பிவிடும், அந்தப் பழைய நோட்டீஸை அவர் கண் முன்னால் கிழித்துப் போடலாம் என்று.

வீடு தப்பியது. சமையல்கட்டு தப்பவில்லை. கோடு சரியாகப் பழைய பின்சுவரில் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக் கட்டியது முழுக்க உள்ளே. வெள்ளை டைல்ஸ், ஜன்னல், குழாய் எல்லாம்.

இளங்கோ என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "டேப்ப கொஞ்சம் தொய்ய விட்டா கிச்சனும் தப்பிச்சிரும் மேடம். ஒண்ணும் தெரியாது."

ஆசையாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. டேப்பின் என் பக்கத்து முனை என் கையில்தான். விரலைத் தளர்த்தினால் போதும்.

இழுத்துப் பிடித்தேன். இங்கே தொய்ந்தால் அந்தக் கரையிலும் தொய்யும், அங்கே எவ்வளவு தொய்யும் என்பதை நான் சொல்ல முடியாது. இதை இப்போது எழுதுவது சுலபம். அந்த அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது சுலபமாக இல்லை.

"அதுக்கு அளக்காமலே இருந்திருக்கலாமே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு வடகரை. முன்வரிசை மனைகள் முழுக்கக் கோட்டுக்குள். சிமெண்ட் வளைவு கோட்டுக்குள். புக்கிங் ஆபீஸ் கோட்டுக்குள்கூட இல்லை, குளத்துக்குள்ளேயே. அதாவது ஏசி போட்டு உட்கார்ந்து மனை விற்கும் அந்த ஷெட் நிற்பது சட்டப்படி தண்ணீரில். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உபசரித்தார். நானும் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

இளங்கோவின் காலில் அட்டை ஒன்றும் ஏறவில்லை. என் காலில் ஏறியது. உப்பு வைத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில் வந்து போனது. துணி காயவில்லை. மகளுக்கு ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வு வருகிறது, கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில். என் வீட்டுக்காரருக்கு ஒரத்தநாட்டில் கல்லூரி ஆபீஸ் வேலை, லீவு நாள் என்பதால் வெங்காயம் உரித்துத் தந்தார்.

நீரோடை அவென்யூ புரோமோட்டர் பாஸ்கரனின் போன். குரலில் வெல்லம்.

"மேடம், ஒரு லேடி, மழையில அலையுறீங்க. மனசு கேக்கல. முன்வரிசையில ஒரு மனை, நம்ம தங்கச்சிக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன்."

"அது குளத்துல இருக்குங்க. கூட ஒரு படகும் தருவீங்களா?"

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "வேதாரண்யம் பக்கமெல்லாம் நல்ல காத்து மேடம். ஆபீசர்ங்க அங்கல்லாம் போக ஆசப்படுவாங்க."

வைத்துவிட்டேன். அடுப்பில் இருந்த உப்புமாவைக் கிளறினேன். இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பரீட்சை முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்குக் கோபமாக வந்தது.

பயப்படுகிறேனா? பயப்படுகிறேன். வேதாரண்யத்துக்கு மாற்றிவிட்டால் மகளுக்கு யார் சமைப்பது, இவர் வெங்காயத்தைத் தாண்டி ஒன்றும் செய்யமாட்டார். இருந்தாலும் ஒருத்தியின் அடுப்படியை இடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொருத்தனின் ஏசி ரூமை விட்டுவிட்டால், அப்புறம் நான் எந்த முகத்தோடு என் அடுப்படியில் நிற்பது. மாட்டேன். முடியாது.

திங்கள் செய்ய வேண்டியது:
இரண்டு நோட்டீஸும் ஒரே வாசகத்தில் தட்டச்சு.
பழைய நோட்டீஸ் ரத்து.
இளங்கோவின் படம், இரண்டு நகல்.
குடை!

டிசம்பர் 1, திங்கள்

இரண்டு நோட்டீஸையும் சேர்த்து இ.ஓ. முன் வைத்தேன். நூர்ஜஹான் அம்மாவுக்கு: சமையல்கட்டு மட்டும். நீரோடை அவென்யூவுக்கு: கொட்டிய மண், வளைவு, ஷெட், முன்வரிசை விற்பனை.

மேலே இருந்ததில் உடனே கையெழுத்து. அது வீட்டு நோட்டீஸ். கீழே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அப்புறம் பாப்போம் மேடம். ஒண்ணு ஒண்ணா போவோம்."

"ரெண்டும் ஒண்ணாப் போனாத்தான் சார் போகும்."

"என்ன சொல்றீங்க?"

"இது கையெழுத்தாகாம அத நான் குடுக்க மாட்டேன்."

கையெழுத்தான வீட்டு நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். செய்தது சரியா என்று கேட்டால், விதிப்படி சரியில்லை. மேலதிகாரி கையெழுத்திட்டதை நான் தடுத்து வைக்கக்கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

மதியத்துக்குள் பேரூராட்சி சேர்மன் வீட்டிலிருந்து இ.ஓ.வுக்கு இரண்டு போன். மாலைக்குள் எனக்கு மெமோ. ‘அலுவலக நடவடிக்கைக்கு ஒத்துழைக்க மறுத்தமைக்கு விளக்கம் அளிக்கவும்.’ மாரியப்பன் மெமோவைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மதியம் தயிர்சாதம். சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

கனமழை. மெமோவுக்குப் பதில் எழுதினேன். நான்கு தடவை கிழித்துப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் நீளம் குறைந்தது. கடைசியில் மிஞ்சியது:

‘ஒரே குளம், ஒரே எல்லைக் கல், ஒரே டேப், ஒரே நாள். ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்ப என் மனசாட்சி இடம் தரவில்லை. இரண்டையும் அனுப்ப உத்தரவிட்டால் இன்றே நேரில் சென்று வழங்கத் தயார்.’

மனசாட்சி என்ற வார்த்தை அரசாங்கக் கோப்பில் வரலாமா என்று டைப்பிஸ்ட் கேட்டாள். இடம் இருக்கிறதே, வரட்டும் என்றேன்.

இ.ஓ. படித்தார். கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். "நானும் ஒரு காலத்துல இப்படித்தான் எழுதிட்டிருந்தேன் மேடம்" என்றார். கீழே இருந்த நோட்டீஸ் மட்டும் மேலே வரவில்லை.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

ஆபீஸ் வாசலில் டைப்பிஸ்ட் அகல் ஏற்றப் பார்த்தாள். காற்று விடவில்லை.

நூர்ஜஹான் அம்மா வந்தார். நேராக என் மேஜைக்கு. யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள், யார் என்று கேட்கவில்லை. மாரியப்பன் தலையைக் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"என் நோட்டீஸ் உங்க பையிலயே இருக்காம்ல."

"ஆமாங்க."

"அத எதுக்கு நீங்க வச்சிருக்கீங்க?"

மற்றது கையெழுத்தாகும் வரை கொடுக்கமாட்டேன், அவர் சமையல்கட்டு அதுவரை தப்பும் என்றேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இல்லை.

"எனக்காக ஒங்க வேலைக்கு ஒல வச்சிக்காதீங்க. குடுங்க அத."

"இடிக்கணும்ங்க அப்புறம்."

"தெரியுது. சட்டம் எனக்கு மட்டும்னா ஒரு செங்கல்லக்கூட தொட விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன். எல்லாருக்கும்னா நானே இடிச்சிக்குவேன். என்னுது இடிஞ்சு கெடந்தா, அந்தாளுக்கு என்ன சாக்கு இருக்குன்னு பாப்போம்."

கொடுத்தேன். இ.ஓ. தன் அறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கொண்டிருந்ததில் இது இல்லை போல. வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும்போது நூர்ஜஹான் அம்மா, பேனா எழுதவில்லை என்று உதறி, அழுத்தி, பெரிதாகத் தன் பெயரை எழுதினார்.

அவர் போன பிறகு டாய்லெட்டில் போய் அழுதேன். அதுவும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில், மேகம், வெயில். வேலையாக அந்தப் பக்கம் போகவில்லை, வேண்டுமென்றே போனேன்.

சமையல்கட்டின் கூரை இறங்கியிருந்தது. கொத்தனார் ஒருவர், கூட நூர்ஜஹான் அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். குழாயை அந்த அம்மாவே ஸ்பேனர் பிடித்துக் கழற்றினார், வேறு யாரையும் விடவில்லை. டைல்ஸில் பாதிதான் உடையாமல் வந்தது.

தெருவே நின்று பார்த்தது. யாரோ ஒரு பெண்: "அடுத்தது எங்க வீடா ஓவர்சியரம்மா?" கேள்வியில் கத்தி இருந்தது.

"கல்லுலேருந்து அளந்து பாத்துதான் சொல்வேங்க. அந்தக் கரையில மொதல்ல."

நூர்ஜஹான் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் போகவில்லை, போகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. கிளம்பும்போது மட்டும் சொன்னார். "சார்ஜாவுல அவங்களுக்கு போட்டோ அனுப்பிட்டேன். ஒரு வார்த்த பேசல. அப்புறம், அந்த வளைவு எப்ப போவுதுன்னு கேட்டாங்க."

சுவர் விழுந்த இடத்தின் வழியாக வீட்டுக்குள்ளிருந்தே குளம் முழுசும் தெரிந்தது. எதிர்க்கரையில் கொடிகள் ஆடின.

வீட்டில் இவரிடம் சொன்னேன். வேதாரண்யம் போக வேண்டி வந்தால் சமையல் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். "வெங்காயம்தான் தெரியுமே" என்றார். முதல் தடவையாகச் சிரித்தோம், இந்த வாரத்தில்.

டிசம்பர் 8, திங்கள்

பளிச்சென்று வெயில். சம்பா பச்சை கண்ணைப் பறிக்கிறது.

ஆபீஸ் திறந்தபோதே வராண்டாவில் தென்கரைத் தெருப் பெண்கள். முன்னால் நூர்ஜஹான் அம்மா. சத்தம் இல்லை, கோஷம் இல்லை. இ.ஓ. வண்டியை நிறுத்தியதும் வழி விட்டார்கள்.

"என்னுது இடிச்சாச்சு சார். கொத்தனார வேணும்னா கேட்டுக்கங்க. அதே டேப்புதானே அந்தக் கரைக்கும்?"

இ.ஓ. என்னைப் பார்த்தார். நான் தூண்டிவிட்டதாக நினைத்திருப்பார். நான் தூண்டவில்லை, ஆனால் தூண்டியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். உள்ளே போனார். சேர்மன் வீட்டுக்கு போன் போட்டார் என்று தெரியும், கதவு மெல்லிசு. "நீங்க வந்து நின்னு பேசுங்க சார் இவங்ககிட்ட, என்னால முடியல" என்பது மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் யாரும் வருவதாகச் சொல்லவில்லை போல.

மணி அடித்தார். போனேன். நீரோடை அவென்யூ நோட்டீஸ் மேஜையில், பேனா மூடி திறந்து. கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். சீலைத் தானே எடுத்து, தானே அழுத்தினார்.

"மெமோ அப்படியே இருக்கட்டும் மேடம். என்னால அத வாபஸ் வாங்க முடியாது."

"இருக்கட்டும் சார்."

மாரியப்பனும் நானும் வடகரைக்கு. தெருப் பெண்களும் கூடவே, நான் கூப்பிடவில்லை. புக்கிங் ஆபீஸ் பூட்டியிருந்தது. பாஸ்கரன் போனை எடுக்கவில்லை. வாட்ச்மேன் இன்று நாற்காலி போடவில்லை. "ஓனர் இல்லாம வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றார்.

வாங்க ஆள் இல்லை என்றால் ஒட்டலாம், விதியில் இருக்கிறது. வளைவின் தூணைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, ஆபீஸிலிருந்து பசை எடுத்து வரவில்லை. மாரியப்பன் பையைத் தடவினார். அவரிடமும் இல்லை.

நூர்ஜஹான் அம்மா முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அலுமினியக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். மைதாப் பசை. இன்னும் சூடு.

"எதுல காச்சுனீங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கொல்லையில மூணு செங்கல்லு வச்சு" என்றார். "செங்கல்லுக்கா இப்ப பஞ்சம்."

பெயர்ப்பலகைக்கு நேர் கீழே ஒட்டினேன். நாலு மூலையையும் அவரே அழுத்தினார்.